யூரியாவைக் குறைக்கும் முன் வேரைப் பாருங்கள்: உயிர் உரத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விதைத்து 35 நாள் ஆன உளுந்துச் செடி ஒன்றை மண்வெட்டியால் மண்கட்டியோடு கொத்தி எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். ஆணிவேரைச் சுற்றிக் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் உருண்டைகள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக, ஏறக்குறைய இரத்தம் தோய்ந்தது போல இருக்கும். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற தழைச்சத்தாக மாற்றும் வேலை அந்தச் சிவப்புக்குள்தான் நடக்கிறது. யூரியாவைக் குறைக்க நினைப்பவர் கடையில் உயிர் உரப் பாக்கெட், அதாவது பயிருக்குச் சத்தைச் சேர்க்கும் உயிருள்ள பாக்டீரியா அடங்கிய பாக்கெட், வாங்குவதற்கு முன்பே இந்த நிறத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பேன். எப்போது துணிந்து குறைக்கலாம், எப்போது கூடாது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன் இருந்தும் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை, ஏனென்றால் அதன் இரண்டு அணுக்களும் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் 1913-இல் தொடங்கிய ஆலை முதல் இன்றைய யூரியா ஆலைகள் வரை, அந்தப் பிணைப்பை உடைக்க 400 டிகிரிக்கு மேல் சூடும் மிகுந்த அழுத்தமும் தேவைப்படுகின்றன. ரைசோபியம் என்னும் பாக்டீரியா அதே வேலையை வயல் மண்ணின் சூட்டிலேயே செய்துவிடுகிறது. பயறுவகைச் செடிகள் வேர் முடிச்சுகளின் வழியாகக் காற்றின் நைட்ரஜனைப் பெறுகின்றன என்று ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880-களில் நிறுவினர். முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவை 1888-இல் நெதர்லாந்தின் பெய்ஜரிங்க் தனியே பிரித்தெடுத்தார். நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது என்பதால், அதைப் பிடித்து அளவாக வழங்க நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் முடிச்சுக்குள் உருவாகிறது. முடிச்சின் சிவப்புக்கு அதுவே காரணம்.

எந்தப் பயிருக்கு எந்தப் பாக்டீரியா

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. ரைசோபியம் என்பது பயறுவகைப் பயிர்களுக்கு மட்டுமே உரியது. அதிலும் ஒரு கூட்டப் பயிர்களோடு சேரும் வகை இன்னொரு கூட்டத்தோடு சேராது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவை ஏறத்தாழ ஒரே கூட்டம். சோயாவுக்கும் கொண்டைக்கடலைக்கும் தனித்தனி வகைகள் உண்டு. சோயா இதுவரை பயிரிடப்படாத மண்ணில் அதற்குரிய ரைசோபியத்தைக் கலக்காமல் விதைத்தால், முடிச்சே இல்லாத வேரைத்தான் பார்க்க நேரிடும். ஆகவே பாக்கெட்டின் மேல் உங்கள் பயிரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நெல், சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு, பருத்தி போன்றவற்றுக்கு அசோஸ்பைரில்லம். இது முடிச்சுப் போடுவதில்லை. வேரின் மேலும் வேரின் வெளித்திசுக்களிலும் தங்கி வாழ்கிறது. பிரேசிலில் யோஹன்னா டோபரைனர் 1970-களில் இதை ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ரைசோபியம் அளவுக்கு இது தழைச்சத்தைக் கொட்டித் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இதனால் கிடைக்கும் பலனில் கணிசமான பங்கு, அது சுரக்கும் வளர்ச்சி ஊக்கிகளால் வேர் கிளைத்துப் பரவி, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சத்தைப் பயிர் நன்றாக உறிஞ்சுவதால் வருவது. கரும்புக்குக் குளுக்கோனசிட்டோபாக்டர் என்று ஒன்று உண்டு. அது கரும்பின் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும். பாஸ்போபாக்டீரியா என்ற பெயரில் விற்பது மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைத்துத் தருவது, அதற்கும் நைட்ரஜனுக்கும் தொடர்பில்லை. ஆனால் பயறுக்கு மணிச்சத்துப் பற்றாவிட்டால் முடிச்சும் சரியாக அமையாது என்பதால், இரண்டையும் சேர்த்தே இடும்படி சிபாரிசு செய்கிறார்கள்.

பாக்கெட்டைப் பால் போல நடத்துங்கள்

உர மூட்டையை ஓராண்டு அடுக்கி வைத்தாலும் யூரியா யூரியாவாகவே இருக்கும். உயிர் உரப் பாக்கெட்டில் இருப்பவை உயிருள்ளவை. கரித்தூள் போலக் கருப்பாக இருக்கும் அந்தப் பொடி பெரும்பாலும் பழுப்பு நிலக்கரித் தூள். பாக்டீரியாவுக்கு அது வீடு மட்டுமே. இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி இத்தகைய பொடியில் கிராமுக்கு 5 கோடிக்குக் குறையாமலும், திரவ வடிவில் மில்லிக்கு 10 கோடிக்குக் குறையாமலும் உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். இதை நாம் கண்ணால் எண்ண முடியாது என்பதால், எண்ண முடிந்த மற்றொன்றைப் பார்க்கிறோம்: தயாரித்த நாள், காலாவதி நாள், பயிரின் பெயர், தொகுதி எண். காலாவதிக்கு ஒரு மாதமே இருக்கும் பாக்கெட்டை விலை குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. தமிழ்நாட்டில் வேளாண்மைத் துறையே இவற்றைத் தயாரித்து, ஊர்க்காரர்கள் டிப்போ என்று சொல்லும் வேளாண்மை விரிவாக்க மையங்களின் வழியாக விற்கிறது. அங்கே கேட்டுவிட்டு, இல்லையென்றால் மட்டும் வெளிக் கடைக்குப் போகலாம்.

வாங்கிய பிறகு நடப்பதுதான் பெரிய இழப்பு. ஒரு சித்திரைப் பட்டத்தில் நிலக்கடலைக்காக வாங்கிய நான்கு பாக்கெட்டுகளை, தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில் ஆணியில் மாட்டிவைத்துவிட்டு, மழை தள்ளிப்போனதால் பதினொரு நாள் கழித்துத்தான் எடுத்தேன். கலந்து விதைத்தேன். 40-ஆம் நாளில் தோண்டிப் பார்த்தபோது, பாக்கெட் கலந்த பாத்தியின் வேருக்கும் கலக்காத பாத்தியின் வேருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தப் பதினொரு நாளும் நான் செத்த கரித்தூளைத்தான் பாதுகாத்திருக்கிறேன். அன்றிலிருந்து, வீட்டுக்குள் மண்பானைக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில்தான் வைக்கிறேன். உர மூட்டையோடும் பூச்சிமருந்தோடும் சேர்த்து வைக்காதீர்கள். வண்டியின் முன்பெட்டியில் வைத்து மதிய வெயிலில் சந்தைக்குப் போய்வருவதும் அதே கதைதான்.

பயறுக்கும் நிலக்கடலைக்கும் விதை நேர்த்தி

ஹெக்டேருக்கு 200 கிராம் பாக்கெட் மூன்று என்பது பொதுவான சிபாரிசு; அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ ஒன்று. ஏக்கருக்கு வேண்டிய உளுந்து விதையைச் சாக்கின் மேல் பரப்பிக்கொள்ளுங்கள். முந்தைய வேளைச் சோறு வடித்த கஞ்சியை, கையை உள்ளே விட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆற வைத்து, சுமார் 200 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்டு வடித்த கஞ்சி வேண்டாம். ஒரு பாக்கெட் ரைசோபியத்தைக் கஞ்சியில் குழைத்தால் தோசைமாவை விடச் சற்று நீர்த்த பதத்தில் கருப்பாக வரும். பாஸ்போபாக்டீரியாவும் கலப்பதானால் அதையும் இதிலேயே சேர்த்து, கெட்டியாக இருந்தால் கஞ்சியைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். அதை விதையின் மேல் ஊற்றி, விரல்களை அகல வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தால், ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு விதையும் மையிட்டது போல ஒரே சீராகக் கறுக்கும். விதை ஊறிப் பருக்கும் அளவுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டால் தோல் வெடித்துவிடும். பூச்சுப் பிடிக்க வேண்டியதுதான் அளவு. நிலக்கடலைப் பருப்புக்கு இன்னும் கவனம் வேண்டும். அதன் தோல் உரிந்தால் முளைப்பு கெடும் என்பதால் தேய்க்காமல், சாக்கின் இரு முனைகளையும் இருவர் பிடித்து மாறி மாறித் தூக்கி உருட்டுவது நல்லது. பிறகு நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும்.

பூசணக்கொல்லியும் சேர்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேர் அழுகலுக்காகக் கார்பென்டாசிம் போன்ற மருந்து கலப்பதாக இருந்தால், அதை முதலில் கலந்து, 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியம். வரிசை மாறினால் நோயைக் கொல்ல வந்த மருந்து உதவிக்கு வந்தவர்களையும் கொன்றுவிடும். டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் போன்ற உயிரியல் மருந்துகளால் விதை நேர்த்தி செய்பவருக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தை வீசிவிடுவது வழக்கம். மாதக்கணக்கில் நீர் நின்ற வயலில் காற்றை விரும்பும் ரைசோபியம் குறைந்துபோயிருக்கும் என்பதால், நெல் தரிசு உளுந்துக்கு ஒவ்வோராண்டும் விதை நேர்த்தி செய்வதே சரி. இங்கே விதை மண்ணுக்குள் மூடப்படாமல் மேலேயே கிடப்பதால், காலை வெயிலில் வீசுவதை விட மாலை நாலு மணிக்கு மேல் வீசுவது பாக்டீரியாவுக்கு ஓர் இரவு அவகாசம் தரும். இந்தப் பயிருக்கு அடியுரம் போட வழியில்லை. பூக்கும் தருணத்திலும் அதற்குப் பதினைந்து நாள் கழித்தும் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டிஏபி உரத்தின் 2 சதவீதக் கரைசலை இலைவழியாகத் தெளிப்பதை நிறுத்த வேண்டாம். முடிச்சுகளின் வேலை பூவுக்குப் பிறகு தளரும் நேரத்தில் காய்க்கு அது கைகொடுக்கிறது.

நெல்லுக்கு மூன்று வாய்ப்புகள்

அசோஸ்பைரில்லத்தை விதையிலும், நாற்றிலும், நடவு வயலிலும் கொடுக்கலாம். ஹெக்டேருக்கான விதையை இரவு ஊறவைக்கும் தண்ணீரில் மூன்று பாக்கெட்டைக் கலந்துவிடலாம். விதையை வடித்த பிறகு மிஞ்சும் கருப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் நாற்றங்கால் மேலேயே ஊற்றிவிட வேண்டும். நடவு நாளில் ஹெக்டேருக்கு ஐந்து பாக்கெட்டை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றுக் கட்டுகளின் வேர்ப்பகுதி மட்டும் மூழ்குமாறு 15 முதல் 30 நிமிடம் வைத்து நடலாம். வயலின் மூலையில் சிறு குழி வெட்டி, பழைய தார்ப்பாயை விரித்து அதில் கரைசலை ஊற்றிக்கொண்டால் அண்டா தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, கடைசிச் சேடை (சேற்றுழவு) ஓட்டிய பின் நடவுக்கு முன்பாக, ஹெக்டேருக்குப் பத்துப் பாக்கெட்டை 25 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து தூவுவது. ஏக்கருக்கு நான்கு பாக்கெட்டும் பத்துப் பத்துக் கிலோவும் என்று வைத்துக்கொள்ளலாம். இயந்திர நடவு செய்பவர்களுக்குப் பாய் நாற்றங்காலிலிருந்து வேரை நனைத்து எடுப்பது ஆகாத காரியம் என்பதால் இந்த மூன்றாவது வழியே அவர்களுக்குச் சரிப்படும். எந்த வழியானாலும் உயிர் உரத்தையும் யூரியா, டிஏபியையும் ஒரே கூடையில் கலந்து வீசாதீர்கள். உப்புச் செறிவில் பாக்டீரியா நிற்காது. நான் இரண்டுக்கும் இடையே ஒரு வாரம் விடுகிறேன். திரவ உயிர் உரம் கிடைத்தால், ஹெக்டேருக்கு விதைக்கு 125 மில்லி, நடவு வயலுக்கு 500 மில்லி என்பது வழக்கமான அளவு.

முடிச்சைப் படிப்பது எப்படி

பயறு விதைத்த 30 முதல் 40 நாளுக்குள், வயலின் நடுவிலும் ஓரங்களிலுமாக ஐந்தாறு இடங்களில் செடியைத் தோண்டி எடுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். பிறகு முடிச்சே இல்லை என்று நினைத்து ஏமாறுவோம். உளுந்தில் ஆணிவேரின் மேற்பகுதியில் திரளாக இருப்பதும், நிலக்கடலையில் பக்கவேர் கிளைக்கும் கணுக்களில் சிறு மணிகளாக இருப்பதும் இயல்பு. கிள்ளிப் பார்த்து உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் இளசு, அல்லது பயனற்ற பாக்டீரியா குடியேறியிருக்கிறது. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும். பச்சை அல்லது பழுப்பு என்றால் முடிச்சின் ஆயுள் முடிந்துவிட்டது. காய் முற்றும் தருணத்தில் அது இயல்பு. 30-ஆம் நாளில் அப்படியிருந்தால் எங்கோ பிசகு.

வேர்முடிச்சுப் புழு என்னும் நூற்புழு உண்டாக்கும் வீக்கத்தை ரைசோபிய முடிச்சு என்று மகிழ்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலால் உருட்டினால் உதிர்ந்து வருவது பாக்டீரியா முடிச்சு, ஏனென்றால் அது வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பது. வேரே பருத்து முண்டும் முடிச்சுமாக, உதிராமல் இருப்பது நூற்புழுவின் வீக்கம். அதற்குரிய வைத்தியம் வேறு.

முடிச்சு இல்லாமல் போவதற்குப் பாக்கெட் மட்டுமே காரணமாக இருக்காது. நீர் தேங்கிய வயலில் முடிச்சுக்குக் காற்றுப் போதாது. புளிப்பு மண்ணிலும் கடும் உவர் மண்ணிலும் ரைசோபியம் நிலைப்பது கடினம். மற்றொரு காரணத்தை நாமே உண்டாக்குகிறோம்: உளுந்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டால், வேருக்கு இலவசமாகத் தழைச்சத்துக் கிடைக்கும்போது சர்க்கரையைச் செலவழித்துப் பாக்டீரியாவுக்குச் சோறு போட வேண்டிய அவசியம் செடிக்கு இல்லாமல் போகிறது, முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் அடியுரமாகச் சிபாரிசு செய்யப்படும் சிறிதளவு தழைச்சத்தை, அதாவது மானாவாரி உளுந்துக்கு ஹெக்டேருக்கு 12.5 கிலோ, இறவைக்கு 25 கிலோ என்பதை, நிறுத்திவிட வேண்டாம். முடிச்சுகள் உருவாகி வேலை தொடங்க மூன்று வாரம் ஆகும். அதுவரை நாற்றுக்கு அதுவே சோறு.

எவ்வளவு குறைக்கலாம்

பயறில் இந்தக் கேள்வி எளிது: முடிச்சு சிவந்திருந்தால் மேலுரமாக யூரியா தேவையே இல்லை. நெல்லில்தான் நிதானம் வேண்டும். அசோஸ்பைரில்லத்தோடு தொழு உரமும் சேர்த்தால் சிபாரிசு செய்யப்பட்ட தழைச்சத்தில் கால் பங்கைக் குறைக்கலாம் என்பதே வேளாண் துறையினர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. டெல்டாவில் ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு 60 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 சதவீத வீதம் 20.7 கிலோ தழைச்சத்து இருப்பதால், அது மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவு. கால் பங்கு என்பது முக்கால் மூட்டை. டிஏபி போடுபவர்கள் அதன் 50 கிலோ மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து இருப்பதையும் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். பலர் அதை மறந்துவிடுவதால்தான் உரம் மிகையாகிறது. ‘இதை ஊற்றினால் யூரியாவே வேண்டாம்’ என்று யாராவது பாட்டில் விற்க வந்தால், காசை எடுக்காமல் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

எல்லா வயலிலும் ஒரே பருவத்தில் கால் பங்கைக் குறைக்க நான் சொல்ல மாட்டேன். முதல் பருவத்தில் ஐந்து சென்ட் அளவில் இரண்டு துண்டுகளை ஒதுக்குங்கள். ஒன்றில் வழக்கமான யூரியா முழுவதும். மற்றொன்றில் உயிர் உரமும் முக்கால் பங்கு யூரியாவும். இரண்டுக்கும் நடுவே உயரமான வரப்பு வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கத்தில் வீசிய யூரியா பாயும் நீரோடு மறுபக்கம் போய்விடும், ஒப்பீடு பொய்யாகும்.

பயிரிடமே கேட்டுக் குறைக்க மற்றொரு கருவி இலை வண்ண அட்டை. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் அட்டை இது. நட்ட 14-ஆம் நாள் முதல் கதிர் வெளிவரும் வரை, வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், பத்துச் செடிகளில் முழுதும் விரிந்த உச்சி இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராக விழுந்தால் நிறம் ஏமாற்றும். உங்கள் முதுகை வெயிலுக்குக் காட்டி, உங்கள் நிழலிலேயே இலையைப் பிடியுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்பது வரம்பு. பத்தில் ஆறு இலைகள் அதற்குக் கீழே போனால் மட்டும் யூரியா மேலுரம். இல்லையென்றால் அந்த வாரம் மூட்டையை அவிழ்க்க வேண்டாம். உயிர் உரம் வேலை செய்திருந்தால், அடுத்த மேலுரத்துக்கான நாள் தள்ளிப்போவதை இதில் பார்க்கலாம்.

குறைப்பை இன்னும் கூட்ட விரும்புபவருக்குப் பாக்கெட்டை விடப் பசுந்தாள் பெரிய துணை. சம்பாவுக்கு முன் நீர் இருந்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளுக்குள், பூ எடுக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். அதன் வேர் முடிச்சுகளும் இதே ரைசோபிய வேலையைச் செய்பவைதான். தண்டு முற்றி நாராகிவிட்டால் மக்க நாளாகும் என்பதால் நாளைத் தள்ளக் கூடாது. தண்டிலும் முடிச்சு விடும் மணிலா அகத்தியும் இருக்கிறது. மாறாக, உளுந்து விளைந்த வயலில் தழைச்சத்து நிறைய மிஞ்சும் என்று கணக்குப் போடாதீர்கள். முடிச்சு பிடித்துக் கொடுத்ததில் பெரும்பகுதி பருப்புக்குள் போய்விடுகிறது. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்கும், கடலைக் கொடியை மாட்டுக்கும் கொண்டுபோய்விட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம். அரிவாளால் தரைமட்டத்தில் அறுத்து வேரை விட்டுவைத்து, காயை அடித்தபின் மிஞ்சும் தோல், சருகுப் பொட்டையும் வயலுக்கே திருப்பினால் அடுத்த நெல்லுக்கு ஏதோ கிடைக்கும்.

அறுவடையன்று அந்த இரண்டு ஐந்து சென்ட் துண்டுகளையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக அடித்து, காயவைத்து எடை போடுங்கள். உயிர் உரத் துண்டின் எடை குறையவில்லையென்றால் அடுத்த பருவத்தில் பாதி வயலுக்கு முக்கால் பங்கு யூரியா. குறைந்திருந்தால், பாக்கெட்டின் காலாவதி நாளையும் வைத்திருந்த இடத்தையும் முதலில் சரிபாருங்கள், பிறகு மண் பரிசோதனைக்குக் கொடுங்கள்.